யூரிக் ஆசிட் உள்ள அப்பாவுக்குக் கண்புரை அறுவை: கருவிழி தாங்குமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வயது 67, ஊர் கடலூர் தேவனாம்பட்டினம். 12 வருடமாக யூரிக் ஆசிட் தொந்தரவு. வருடத்துக்கு மூன்று நான்கு முறை கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, நடக்க முடியாமல் படுத்துவிடுகிறார். கடைசியாக எடுத்த டெஸ்டில் 8.4. யூரிக் ஆசிடைக் குறைக்கும் அலோப்யூரினால் மாத்திரையை வலி வந்தால் போடுவதும் வலி போனால் விடுவதுமாக இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிக்கொண்டு வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில் உறவினர் ஒருவர், "யூரிக் ஆசிட் உள்ளவங்க கண்ணைக் கிழிச்சா அந்த உப்பு கருவிழியில எறங்கிடும், அப்புறம் கருவிழியே மாத்தணும்" என்று சொல்ல, அப்பா ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார். அளவு 6-க்குக் கீழே வரும்வரை தள்ளிப்போடலாமா, அறுவைக்கு முன்னால் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். இந்த அறுவையால் அப்பாவின் கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடிப் படலமான கார்னியா, கெட்டுவிடுமா என்ற பயம். அதற்கே பதில் சொல்கிறேன். கடலூரில் 22 வருடமாகக் கண்புரை அறுவை செய்து வருகிறேன். அப்பாவின் கண்ணை நான் பார்க்கவில்லை. யூரிக் ஆசிட் மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது பொதுநல மருத்துவரின் வேலை, என்னுடையது இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

யூரிக் ஆசிட் கூடி மூட்டு வீங்கும் இந்த நோயைக் கௌட் என்போம். கௌட் இருப்பதால் கண்புரை அறுவை செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ரத்தத்தில் யூரிக் ஆசிட் இவ்வளவுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைக்கலாம் என்ற கணக்கும் கிடையாது. நீங்கள் சொல்லும் 6 என்ற எண் வேறு காரியத்துக்கானது. 100 மில்லி ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமுக்கு மேல் போனால் யூரேட் (யூரிக் ஆசிடின் உப்பு) கரைந்து நிற்காமல் படிகமாக ஆரம்பிக்கும். அதனால் 6-க்குக் கீழே வைத்திருந்தால் பழைய படிகங்கள் மெதுவாகக் கரையும், மூட்டும் சிறுநீரகமும் பிழைக்கும். அது வருடக்கணக்கில் எட்ட வேண்டிய இலக்கு. கண் அறுவைக்கான நுழைவுச்சீட்டு இல்லை.

உறவினர் சொன்னது முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். கருவிழியில் யூரேட் படிவது உண்டு. கண் திறந்திருக்கும்போது இமைகளுக்கு நடுவே வெளியே தெரியும் பகுதியில், கருவிழியின் மேல்பரப்பை ஒட்டி, பழுப்பு நிறத்தில் மெல்லிய பட்டையாகத் தெரியும். இதுவரை இரண்டே பேரிடம்தான் பார்த்திருக்கிறேன். இருவருக்குமே காது மடலிலும் முழங்கையிலும் சுண்ணாம்பு உருண்டை மாதிரிக் கட்டிகள் இருந்தன. அதாவது வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட கௌட். அப்படி ஏதாவது இருந்தால் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியில் முகவாயை வைத்து உட்கார்ந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அறுவை செய்வதால் அந்த உப்பு ரத்தத்திலிருந்து கருவிழிக்குள் இறங்குவது என்பது நடக்காத காரியம். நடுக் கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து எடுக்கும் ஃபேக்கோ முறையில் நாங்கள் போடும் துளை 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. தையல் இல்லாத சிறு கீறல் முறையில் வெள்ளை விழியில் 6, 7 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சுரங்கம் போடுவோம். இரண்டிலுமே சிக்கல் இல்லாத கண்ணில் வேலை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு தெரியும். நம் ஊரில் மூட்டு வீங்கினால் எல்லாவற்றுக்கும் வாதம் என்று ஒரே பெயர். ஆனால் முடக்குவாதம் என்கிற ருமடாய்டு நோய் வேறு, யூரிக் ஆசிட் வேறு. முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும். அந்த நோய் உண்மையிலேயே கருவிழியின் ஓரத்தை அரித்து மெலியச் செய்யும், கண்ணீரை வற்றவைக்கும், கண்புரை அறுவைக்குப் பிறகு கருவிழி கரைந்துபோன சம்பவங்களும் அதில் உண்டு. உறவினர் அப்படி ஒருவரைப் பார்த்திருக்கலாம், அல்லது கேள்விப்பட்டிருக்கலாம். அது உங்கள் அப்பாவின் நோய் இல்லை. (அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் மதுரையில் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கே இளவயதில் முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடு கத்தியைப் பிடிக்கத் திரும்பப் பழகி, லட்சம் கண்புரை அறுவைகளுக்கு மேல் செய்தார். தவளக்குப்பத்தில் இருக்கும் அவர்களது புதுச்சேரி மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள்தான் நினைவுக்கு வரும்.) உங்கள் அப்பாவுக்கு இருப்பது கௌட்தானா, யாராவது ரத்தம் எடுத்து, காலைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்தார்களா என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்ற ஒரே சீட்டை வைத்துக்கொண்டு எல்லா மூட்டு வலியையும் கௌட் என்று சொல்லிவிடுவது நடக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. கால் வீங்கிய அன்று எடுத்த டெஸ்டில் அளவு சாதாரணமாக இருந்து, கௌட் இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

இனி கருவிழியைப் பற்றி. அறுவையில் நாங்கள் பயந்து பயந்து காப்பாற்றுவது அதன் உள்பக்கத்தை. சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்தப் படலத்தின் உள்சுவரில், ஒரே வரிசையாக, தேன்கூட்டு அறைகள் மாதிரி அறுகோணச் செல்கள் ஒட்டியிருக்கின்றன. எண்டோதீலியம் என்று சொல்வோம். கண்ணுக்குள் இருக்கும் நீர் கருவிழிக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். இந்தச் செல்கள் அதை இரவு பகலாக வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். இறைப்பது நின்றால் கருவிழி ஊறிப்போய், குளிர்காலத்தில் பஸ் கண்ணாடியில் மூச்சு படிந்த மாதிரி மங்கிவிடும். ஒரு சதுர மில்லிமீட்டரில் இளவயதில் 3000 செல்கள் இருக்கும். வயதாக ஆகக் குறையும். 67 வயதில் 2000-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 1000-க்குக் கீழே என்றால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வோம். 500-க்குப் பக்கத்தில் வந்தால் கருவிழி தானாகவே ஊற ஆரம்பிக்கலாம். செத்த செல்லுக்குப் பதிலாகப் புதுசு முளைக்காது. பக்கத்துச் செல் நீண்டு வந்து காலி இடத்தை மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கண்புரை அறுவையில் இந்தச் செல்களில் கொஞ்சம் போகும். நல்ல கையில், சாதாரணப் புரையில், பத்தில் ஒரு பங்கு அளவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2300 இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 900 இருப்பவருக்கு உயிர் பிரச்சினை மாதிரி. கௌட் இருப்பதாலேயே இந்தச் செல்கள் குறைந்துபோகும் என்பது நிலைநாட்டப்பட்ட விஷயம் இல்லை. குறைந்துபோவதற்கு உறுதியாகத் தெரிந்த காரணங்கள் வேறு: வயது, பரம்பரையாக வரும் ஃபூக்ஸ் நோய், பழைய அடி, கண்ணுக்குள் முன்பு வந்த அழற்சி, திடீரென ஏறிய கண் அழுத்தம், நீண்டநாள் சர்க்கரை. அதனால் "எங்க அப்பாவோட செல் எண்ணிக்கை எவ்வளவு?" என்று கேளுங்கள். ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோப் என்ற கருவியில் கண்ணைத் தொடாமலே படம் எடுத்து எண்ணிவிடலாம். எல்லா மருத்துவமனையிலும் எல்லோருக்கும் எடுக்க மாட்டார்கள், எடுக்கத் தேவையும் இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் பார்வை அதிகமாக மங்கி, மதியத்துக்கு மேல் தெளிகிறது என்று அப்பா சொன்னால் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். இரவு முழுக்கக் கண் மூடியிருந்ததில் தங்கிய நீர் காலையில் வற்றுவதற்கு நேரம் பிடிக்கிறது என்று அர்த்தம். புரை மட்டும் இருந்தால் காலைக்கும் மாலைக்கும் இப்படி வித்தியாசம் வராது.

இங்கேதான் உங்கள் தள்ளிப்போடும் யோசனைக்கு நான் எதிராக நிற்கிறேன். புரை முற்ற முற்றக் கெட்டியாகும். மஞ்சளாக இருந்தது பழுப்பாகி, கடைசியில் கருங்காலிக் கட்டை மாதிரி ஆகிவிடும். அதை உடைக்க ஃபேக்கோவில் அதிக நேரம் அல்ட்ராசவுண்ட் சக்தி செலவாகும். அந்தச் சூடும் அதிர்வும், தெறிக்கும் துண்டுகளும் நேராகப் போய் அடிப்பது அந்த உள்சுவரைத்தான். சில கண்களில் புரை ஊறி வீங்கி, கண் அழுத்தம் ஏறி, ராத்திரியில் வாந்தியோடு ஓடிவருவார்கள். அப்போது செய்யும் அறுவை வேறு மாதிரி இருக்கும். மீனவர்களும் வெயிலில் வயல் வேலை செய்பவர்களும் எங்களிடம் தாமதமாகவே வருகிறார்கள், பழுப்புப் புரையோடு வருகிறார்கள். கருவிழியைக் காப்பாற்றுவதாக நினைத்து யூரிக் ஆசிட் இறங்குவதற்காக இரண்டு வருடம் காத்திருந்தால், அந்தக் கருவிழிக்கு நீங்களே சுமை ஏற்றுகிறீர்கள். கெட்டிப் புரையாகவே வந்தாலும் கை விட்டுவிட மாட்டோம், சிறு கீறல் முறையில் முழுசாக வெளியே எடுத்துவிடலாம். இருந்தாலும் முந்தி வருவது நல்லது.

சரி, கௌட்டால் ஒன்றுமே இல்லையா என்றால், உண்டு. கௌட்டை விட அதோடு கூட வரும் மாத்திரைகள்தான் எங்களுக்குத் தலைவலி. இதை நான் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். அறுவை நன்றாக முடிந்தது. சாயங்காலம் கண் அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்ததால் அசிட்டசோலமைடு மாத்திரை எழுதிக் கொடுத்தேன், டயமாக்ஸ் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்தது. மூன்றாம் நாள் மகன் அவரை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். கண் பளிச்சென்று இருந்தது. வலது கால் பெருவிரல் தக்காளி மாதிரி வீங்கி, மேலே போட்டிருந்த துண்டு நழுவி விரலில் பட்டபோது அந்த மனிதர் போட்ட சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த மாத்திரை ரத்தத்தில் யூரிக் ஆசிடைக் கூட்டும். அவருக்குப் பத்து வருடமாகக் கௌட் இருந்தது. நான் கேட்டது "சுகர், பிரஷர், ஆஸ்துமா இருக்கா?" என்று மட்டும். அவர் வேட்டி மடிப்பில் வைத்திருந்த மாத்திரையை "கால் மாத்திரை" என்று நினைத்திருந்தார். கண்ணுக்கு வந்த இடத்தில் அதைச் சொல்லத் தோன்றவில்லை. தவறு என்னுடையது. அன்றிலிருந்து "காலுக்கு, முட்டிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று தனியாகக் கேட்கிறேன்.

ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும் அன்றே உங்கள் அப்பாவுக்குக் கௌட் இருப்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். டயமாக்ஸ் கொடுக்கவே கூடாது என்று அர்த்தம் இல்லை. கண் அழுத்தம் ஆபத்தாக ஏறினால் அது கண்ணைக் காப்பாற்றும் மருந்து. ஆனால் வழக்கமாக ஒரு நாளுக்குக் கொடுத்துவிடலாம் என்ற நிலையில், தெரிந்திருந்தால் சொட்டு மருந்தில் சமாளிப்போம். சிறுநீரகக் கல் வந்த வரலாறு இருந்தாலும் சொல்லுங்கள். கௌட் உள்ளவர்களுக்குக் கல் அதிகம், இந்த மாத்திரை கல்லுக்கும் ஆகாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் டெஸ்ட் ஆறு மாதமாக எடுக்கவில்லை என்றால் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது, நான் மிகவும் கவலைப்படும் விஷயம். அப்பா வலிக்கு என்ன சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பெட்டிக்கடையிலோ சந்தையிலோ பொட்டலம் கட்டித் தரும் பொடி, "ஒரே நாளில் வலி போகும்" என்று கொடுக்கும் கலர் மாத்திரை, இந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா? பேர் தெரியாத இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியா முழுக்கத் தெரிந்த பிரச்சினை. பசி எடுக்கும், முகம் உப்பும், வலி மாயமாகப் போகும், அதனால் நல்ல மருந்து என்று நம்பிவிடுவார்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு லென்ஸின் பின்சுவரில் ஒரு தனி வகைப் புரையைக் கொண்டுவரும். வெயிலில் கூசும், எதிரே வண்டி வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது, படிப்பது சிரமமாகும். கண் அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். அப்பாவின் புரையே அதனால் வந்ததாக இருக்கலாம், ஸ்லிட் லேம்பில் பார்த்தால் சந்தேகப்பட முடியும். பொடி சாப்பிடுகிறார் என்றால் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். பல மாதமாக உள்ளே போன ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் உடம்பு சரிந்துவிடும். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

அலோப்யூரினால் பற்றிக் கேட்டீர்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு வருபவர் அறுவைக்காக அதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால்தான் கால் வீங்கும். ஆனால் உங்கள் அப்பா விட்டு விட்டுச் சாப்பிடுகிறவர். அவருக்கு என் யோசனை கொஞ்சம் வேறு. இந்த மாத்திரையைப் புதிதாக ஆரம்பிக்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் முதல் சில மாதங்கள் வலி கூடவே வரும், படிந்த படிகங்கள் அசைவதால். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் கருவிழியைப் பொறுத்தவரை உண்மையான அபாயம். மிகச் சிலருக்கு அலோப்யூரினால் ஒத்துக்கொள்ளாமல் ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற கொடிய எதிர்விளைவு வரும். பெரும்பாலும் ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்துக்குள். காய்ச்சல், உடம்பில் தடிப்பு, வாய் வெந்துபோவது, கண் சிவந்து பீளை கட்டுவது. உயிர் பிழைத்தாலும் கண்ணீர் வற்றி, இமையும் விழியும் ஒட்டி, கருவிழி வெள்ளையாகிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தானமாகக் கிடைத்த கருவிழியை வைத்தாலும் அந்தக் கண் எளிதில் ஏற்றுக்கொள்ளாது. இதற்காக மருந்தைக் கண்டு ஓட வேண்டாம். கோடிக்கணக்கானோர் சாப்பிடும் நல்ல மருந்து. குறைந்த அளவில், 100 மில்லிகிராமோ அதற்கும் கீழோ ஆரம்பித்து, மெதுவாகக் கூட்டினால் இந்த அபாயம் குறையும். தோலில் தடிப்பு வந்தால் அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை தடிப்பு வந்து விட்டிருந்தால் மறுபடி வாயில் போடவே கூடாது. என் கருத்து என்னவென்றால், இப்போது புதிதாக ஆரம்பிப்பதும் கண் அறுவையும் ஒரே மாதத்தில் வேண்டாம். முதலில் கண்ணை முடித்துக்கொண்டு, பிறகு பொதுநல மருத்துவர் மேற்பார்வையில் ஒழுங்காக ஆரம்பிக்கட்டும். இது என் தனிப்பட்ட நடைமுறை. உங்கள் மருத்துவர் மாற்றிச் சொன்னால் அவர் காரணத்தைக் கேளுங்கள்.

அந்த மாத்திரையே கண்புரையைக் கொண்டுவரும் என்று யாராவது சொல்லலாம். 1998-ல் கனடாவின் கியூபெக் மாநில முதியவர்களை வைத்து வந்த ஓர் ஆய்வு, மொத்தமாக 400 கிராமுக்கு மேலோ மூன்று வருடத்துக்கு மேலோ அலோப்யூரினால் சாப்பிட்டவர்களிடம் புரை அறுவை கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. தினம் 300 மில்லிகிராம் சாப்பிட்டால் 400 கிராமை எட்ட மூன்றே முக்கால் வருடம் போல ஆகும். ஆனால் கௌட் உள்ளவர்களுக்குச் சர்க்கரை, ஸ்டீராய்டு, சிறுநீரகக் கோளாறு எல்லாம் சேர்ந்தே இருக்கும். மாத்திரை குற்றவாளியா, கூட்டாளிகள் குற்றவாளியா என்று இப்படிப்பட்ட ஆய்வில் பிரிப்பது கஷ்டம். இதை நான் சந்தேகப் பட்டியலில்தான் வைத்திருக்கிறேன். இதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கௌட் வலிக்குக் கொடுக்கும் கால்ச்சிசின் பற்றியும் ஒரு வார்த்தை. அது செல் பிரிவதைத் தடுக்கும் மருந்து. அதைச் சாப்பிட்ட சிலரிடம் கருவிழிப் புண் ஆறத் தாமதமானதாகப் பதிவுகள் இருக்கின்றன, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களிடம். அப்பா அதைச் சாப்பிடுகிறார் என்றால் அறுவை செய்பவருக்குத் தெரிந்திருக்கட்டும், அது போதும்.

இந்த வயது ஆண்களிடம் நான் விடாமல் கேட்கும் இன்னொன்று, சிறுநீர் சரியாகப் போவதற்கு மாத்திரை உண்டா என்று. டாம்சுலோசின் சாப்பிட்டவர்களுக்கு அறுவையின்போது கண்மணி சுருங்கி, அதைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்ற திரை ஈரத்துணி மாதிரி அலைந்து துளை வழியாக வெளியே வரப் பார்க்கும். 2005-லிருந்து எங்களுக்குத் தெரிந்த சங்கதி. நிறுத்தினாலும் அந்த விளைவு முழுசாகப் போகாது. முன்பே தெரிந்தால் தயாராக இருப்போம். பிரஷருக்கான தயாசைடு மாத்திரையும் இதயத்துக்கான சிறு அளவு ஆஸ்பிரினும் யூரிக் ஆசிடைக் கூட்டுபவைதான். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. மொத்த மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரைச் சொல்வதைவிட அட்டையைக் காட்டுவது மேல்.

லென்ஸ் பவர் கணக்கெடுப்பதற்கு முன்னால் கண் வறட்சியைச் சரிசெய்ய வேண்டும். கடற்காற்று, உப்பு, வெயில், இமையோரத்து அழுக்கு என்று மீனவர் கண்களில் வறட்சி சாதாரணம். கருவிழியின் மேல்பரப்பு வறண்டு சொரசொரப்பாக இருந்தால் அதன் வளைவைக் கருவி தப்பாக அளக்கும், தப்பான பவர் லென்ஸ் உள்ளே போய் உட்காரும். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல் என்று அப்பா சொல்லுவார் என்றால், இரண்டு மூன்று வாரம் செயற்கைக் கண்ணீர் போட்டுவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வறட்சி அதிகம் உள்ள கண்ணில், சர்க்கரையும் கூட இருந்தால், அறுவைக்குப் பின் கொடுக்கும் வலி நிவாரணச் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் இழுக்கக் கூடாது. அரிதாக அது கருவிழியை மெலியவைக்கும். எழுதிக் கொடுத்த நாளோடு நிறுத்திவிடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று கடையில் மறுபடி வாங்கிப் போட வேண்டாம்.

அறுவை நாளன்று கால் வீங்கியிருந்தால் வெட்கப்படாமல் தேதியை மாற்றுங்கள். மேஜையில் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். பெருவிரலில் போர்வை பட்டாலே துடிப்பவரால் அது முடியாது. கண்ணுக்குள் கருவி இருக்கும்போது ஒரு துடிப்பு போதும், லென்ஸைத் தாங்கும் பை கிழிய. வீக்கம் முழுசாக வற்றி இரண்டு வாரம் ஆன பிறகு வைத்துக்கொள்ளச் சொல்வேன். கத்திரி வெயிலில் தேதி விழுந்தால் முந்தைய நாள் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், உடம்பு வற்றினால் கௌட் எகிறும். சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அந்த அளவைத் தாண்ட வேண்டாம். தேதிக்கு முந்தைய வாரம் பாண்டிச்சேரி போய் பீர் குடிப்பது, மத்தி, நெத்திலி, இறால் என்று ஒரு பிடி பிடிப்பது இரண்டும் வேண்டாம். இந்த மீன்களால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை, காலுக்குத்தான். அறுவைக்குப் பிறகு கருவாடு தின்றால் கண்ணில் சீழ் வைக்கும் என்பார்கள், அது பொய். அழுக்குக் கையோடு சொட்டு மருந்து போட்டால்தான் சீழ் வைக்கும்.

அறுவைக்குப் பின் கால் வலி வந்தால் பயப்படாமல் பொதுநல மருத்துவரைப் பாருங்கள். கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், சிறுநீரகத்துக்கு அது ஆகாது. ஆனால் கண்ணில் வலி கூடி, சிவந்து, முந்தின நாளைவிடப் பார்வை குறைந்தால், அதை யூரிக் ஆசிட் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அது கண்ணுக்குள் கிருமி புகுந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். முதல் வாரத்தில்தான் அதிகம் வரும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். செய்த இடம் தூரம் என்றால் புதுச்சேரி ஜிப்மருக்கோ பக்கத்திலுள்ள பெரிய கண் மருத்துவமனைக்கோ நேராகப் போகலாம். முதல் நாள் காலையில் கட்டைப் பிரித்ததும் பார்வை கொஞ்சம் மங்கலாக இருப்பது வேறு. உள்சுவர்ச் செல்கள் திணறிக்கொண்டிருக்கும், கருவிழி லேசாக ஊறியிருக்கும். நாளுக்கு நாள் தெளிந்தால் கவலை இல்லை.

அப்பா கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறார், அந்த வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். போகாது. ஒரு மாதம் கடலில் இறங்கக் கூடாது, முகத்தில் உப்புத் தண்ணீர் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். சாதாரணமாக வைக்கும் லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு தரும், பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். ஒரு மாதம் ஆறு வாரம் போனதும் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி எழுதுவார்கள். வழக்கமாகப் பேப்பர் படிக்கும் தூரத்துக்கு எழுதிவிடுவார்கள், சுமார் ஓர் அடிக்குச் சற்று மேல். உங்கள் அப்பா வலை ஊசியை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கண்ணாடி எழுதுபவரிடம் அந்த அளவைச் சொல்லுங்கள்.